கட்டைவிரல் அகலம்

பைக்கால் ஏரி. மார்ச்.
உறைந்த நீரின்மேல் லாரி நிற்கிறது.
அறுத்த துளைவழி
கண்ணாடி உருண்டைகளை இறக்குகிறான் ஸோரிக்தோ.
வின்ச் முனகுகிறது.

"போன வருஷம் சிக்கிய நியூட்ரினோ
எந்தப் பக்கமிருந்து?"
ஓமுல் மீனை விசாரிப்பதுபோல் கேட்டான்.

கையுறையைக் கழற்றிக்
கட்டைவிரலை நீட்டினேன்,
வானத்துக்கு அல்ல,
என் பூட்ஸுக்குக் கீழே.
பூமியின் மறுபக்கத்து வானம்.
இந்த விரல் மறைக்கிற இடத்துக்குள்
எங்கோ.

"அதற்குள் எத்தனை கேலக்ஸி?"

எண்ணி மாளவில்லை.
ஒன்றைச் சந்தேகித்தோம்;
அன்றிரவு அது சும்மாதான் இருந்தது.

ஒற்றைக் கண் மூடி
அவனும் விரல் வைத்துப் பார்த்தான்.
காய்த்துத் தடித்த விரல்,
இன்னும் கொஞ்சம் பிரபஞ்சத்தை மறைத்தது.

பால்தேநீரின் முதல் மடக்கை
வழக்கம்போல் பனியில் சிந்திவிட்டு
அடுத்த உருண்டைக்குக்
கொக்கி மாட்டினான்.