வருத்தம் தெரிவித்தோர்

வருகை: பதினொரு பேர்.
மழையைச் சேர்த்தால் பன்னிரண்டு.
கூரை இடுக்கு வழியாக வந்து
முன்வரிசையிலேயே உட்கார்ந்தது அது.
ஒரு வாளி போட்டுக் கொடுத்தோம்.

வர இயலாமைக்கு வருத்தம் தெரிவித்தோர்:
சட்டமன்ற உறுப்பினர், எடின்பரோவில் ஏதோ வாக்கெடுப்பு.
தீவிலிருந்து வர வேண்டிய பொருளாளர்,
படகு இன்றும் பழுது.
பாதிரியார். மூன்று தேவாலயங்களுக்கு இப்போது
ஒரே பாதிரியார், ஒரே கார்.

நான் செயலாளர். சம்பளம் கிடையாது.
பேசியதை எழுதுவது வேலை.
பேசாததற்குப் படிவத்தில்
கட்டம் இல்லை.

முதல் ஐந்து பொருள்களும் சுமுகம்.
நாய்க் கழிவு. அணைந்த தெருவிளக்கு.
காற்றாலைக் கம்பெனி தந்ததில் மிஞ்சிய
நானூறு பவுண்டை என்ன செய்வது?
பூந்தொட்டி என்றார்கள்.
எப்போதும் பூந்தொட்டி.

ஆறாவது பொருள்: நீச்சல் குளம்.

கவுன்சிலிலிருந்து வந்திருந்தாள் மிர்ரன்.
இருபத்தைந்து இருக்கும். நனைந்த கோட்டைக் கழற்றாமலே
கணினியைத் திறந்தாள்.
கொதிகலன் செலவு, கூரைச் செலவு,
சிவப்பில் ஓடும் ஒரு கோடு.
'கடினமான முடிவு' என்று நாலு தடவை சொன்னாள்.
நான் ஒரு தடவை எழுதினேன்.

செங்கா எழுந்தாள்.
முப்பத்தொரு வருஷமாகக் காலை ஆறு மணிக்கு
அந்தக் கதவைத் திறப்பவள்.
ஆக்னஸ் என்பதை ஆங்கிலத்தில்
பின்னாலிருந்து எழுதினால் செங்கா;
'எங்கம்மா என்னைத் தலைகீழாய்ப் பெற்றாள்' என்பாள்.
நேற்று அவள் சிரிக்கவில்லை.

'உனக்கு நீந்தத் தெரியுமாடி?'
'தெரியும்.'
'எங்கே கற்றாய்?'

மிர்ரன் திரையைப் பார்த்தாள்.
வாளியில் நாலைந்து சொட்டு விழுந்தது.
'இங்கேதான். நீங்கள்தான்
என் மோவாயைப் பிடித்திருந்தீர்கள்.'

பிறகு என் பேனாவைப் பார்த்தாள்.
நான் மூடியைப் போட்டேன்.

மூடுவதை எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும்.
வாட்டி கில்மூரும் ஹெக்டர் ஸ்பியர்ஸும்
அக்காளைக் கொடுத்தவரும் கட்டியவரும்.
நாடு தனியே போகலாமா என்று கேட்ட
அந்த வாக்கெடுப்புக்குப் பிறகு பேச்சு இல்லை.
வாட்டியின் ஜன்னலில் 'ஆம்' இன்னும் இருக்கிறது,
நீலம் வெளுத்து, மணிக்கட்டு நரம்பின் நிறத்தில்.
ஹெக்டர் தன் 'வேண்டாம், நன்றி'யை
மறுநாளே கிழித்தார்.
பசை போகவில்லை.

வாட்டியின் கை மேலே போனது.
ஹெக்டரின் கை பாதியில் நின்றது,
யார் யார் தூக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தது,
முனகிக்கொண்டே மீதித் தூரமும் ஏறியது.

'ஏகமனதாக' என்று எழுதினேன்.
மனம் ஒன்றா என்று அளந்தவர் யார்?
கைகள் ஒரே உயரத்தில் இருந்தன.
எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது
என்று மிர்ரன் நினைவூட்டினாள், மெதுவாக.
நம் சபை யோசனை சொல்லலாம்.
குளம் மார்ச்சில் மூடும்.

வேறு ஏதாவது? என்றார் தலைவர்.
'வாளி நிரம்பிவிட்டது' என்றாள்
மூலைக்கடை நுஷீன்.

வாட்டி தூக்கினார்.
ஒரே பிடி உள்ள வாளி, ஒருவரே போதும்.
ஹெக்டர் கதவைத் திறந்து பிடித்தார்,
தண்ணீர் வெளியே கொட்டப்படும் வரை,
காலி வாளி திரும்பி வரும் வரை.
ஒரு வார்த்தை இல்லை.
கட்டமும் இல்லை.

இரவு வீட்டில் தட்டச்சு செய்கையில்
வருத்தம் தெரிவித்தோர் பட்டியலில்
மிர்ரன் பெயரையும் சேர்த்தேன்.
பிறகு அழித்தேன்.
அவள்தான் வந்திருந்தாளே.

கூட்டம் முடிந்தது: எட்டு ஐம்பது.
அடுத்த கூட்டம்: நூலகத்தில்,
அது அப்போதும்
திறந்திருந்தால்.