ஏணிக் கணக்கு

புந்தா அரேனாஸ் காற்றுக்கு
வாசிக்கும் பழக்கம் உண்டு போலும்.
எலியானா அச்சடித்த ஐந்நூறு நோட்டீசையும்
ஒரே மதியத்தில்
கடலுக்கு அள்ளிப்போயிற்று.

அதே காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்ததில்
ஓஸ்வால்தோ ஏணி இரவல் கேட்டான்.
கொடுத்தாள்.
பக்கச் சட்டத்தில் கடைப்பெயர், மஞ்சள் பெயிண்டில்.

ஏணி அவனிடமிருந்து மருத்துவச்சி வீட்டுக்கு,
அங்கிருந்து தேவாலய மணிக்கு,
பிறகு யாருடைய பூனைக்கோ.
கடைக்கு மட்டும் திரும்பவில்லை.

ஆட்கள் வந்தார்கள்,
ஆணிக்கு, தாழ்ப்பாளுக்கு, அரைக்கிலோ தாருக்கு.
“ஏணிக்காரி கடை இதுதானே?”

வருடக் கணக்கில் நான்
‘தொலைந்தது: ஏணி ஒன்று’ என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
‘விளம்பரம்’ என்று எழுதினாள்.

விற்காமல் சுவரில் சாய்ந்திருக்கின்றன
புது ஏணிகள் நான்கு.
இரவல் கிடைக்கிற தெருவில்
எவன் வாங்குவான்?