நின்ற கார்

அஸ்லியா, என்று கேட்டார் பூ நாசர்.
குவைத்திலிருந்து விடிகாலை விமானத்தில் வந்தவர்,
ஷார்ஜா சனையாவில்
டயர்க்கடைக்கும் சமூசாக் கடைக்கும் நடுவே
வெள்ளை அங்கியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து நின்றார்.

எண்பத்தொன்றாம் வருடத்துக் கேப்ரிஸ். வெண்ணெய் நிறம்.
வியாழன் இரவு ஒன்பது மணிக்கு
டிவியில் துப்பறிவாளர் இதில்தான் வருவாராம்,
தெருவெல்லாம் காலியாகுமாம்.
நான் அப்போது வேம்பாரில் டவுசர் பையன்.
நான் பார்த்ததில்லை என்றேன்.
அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன் என்றார்.
பார்த்தவன் எவனும் உடனே நம்பிவிடுவான்.

விற்க வந்தவர் ராஸ் அல் கைமாவின் ஜும்ஆ.
மாமாவின் ஆட்டுக்கொட்டகையில் இருபது வருடம் கிடந்ததாம்.
டிக்கியைப் பார் சப்ரி, குண்டு பாய்ந்த ஓட்டை என்றார்.
சவரிமுத்து இங்கே சப்ரி. முப்பது வருடமாக
அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டேன்.
குண்டு பட்டால் தகடு உள்பக்கம் கிழிந்து மடங்கும்.
இது டிரில் போட்டது. எட்டு மில்லிமீட்டர்.
விளிம்பைச் சுரண்டினால்
கண்மை மாதிரி கறுப்பு வருகிறது.
ஜும்ஆவின் முகம் சுருங்கியது.
நல்லதுதான் என்றேன்.
நாடகத்தில் எவன் நிஜமாகச் சுடுவான்?
உண்மையான குண்டு பட்டிருந்தால்தான்
இந்தக் கார் போலி.

கதவுக் கீலின் இடுக்கில் நகத்தால் கீறினேன்.
வெண்ணெய்க்குக் கீழே காப்பிப்பொடி நிறம்,
அதற்கும் கீழே கம்பெனி அடித்த ஆகாய நீலம்.
மூன்றாவது வாரம் வரை காப்பிப்பொடிதான், காப்பிப்பொடிதான் என்று
பூ நாசர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.
போனில் ஒரு காட்சியை நிறுத்திக் காட்டினார்:
டேஷ்போர்டில் நண்டுக்கால் போல ஒரு வெடிப்பு.
இங்கேயும் நண்டுக்கால், கடைசி நகம் வரை.
பெயிண்டைக் காப்பியடிக்கலாம்.
வெயில் ஒருமுறை போட்ட கையெழுத்தை
வெயிலாலேயே மறுபடி போட முடியாது.

பிறகு அட்டையை விரித்து அடியில் போனேன்.
என்ஜின் தாங்கியில் எண்ணெய்க் கசிவே இல்லை,
போல்ட்டெல்லாம் பளபளப்பு.
என்ஜின் நேற்று வந்த மாப்பிள்ளை.
பின் பம்பருக்குக் கீழே
பற்றவைத்த இரண்டு இரும்புக் குழாய்த் துண்டுகள்.
எதை இழுக்க? எதைக் கட்ட?
தடவினேன். வழவழப்பு.
உள்ளங்கை தேய்த்த வழவழப்பு அது, எனக்குத் தெரியும்.
பக்கத்தில் ஆணியால் கீறிய கோடுகள், ஐந்தைந்தாக.
நூற்றுப்பதினைந்து வரை எண்ணினேன், அப்புறம் துரு.
மலையாளியோ பட்டாணியோ எங்கள் ஆளோ,
கோட்டுக்குப் பாஷை கிடையாது.

கொட்டகைக்குள் நிறுத்தி
கண்ணாடிக்குப் பின்னால் விளக்கை நகர்த்தி நகர்த்தி
இரண்டு பேர் குலுக்கின கார்.
ரோட்டில் ஓடியது இன்னொன்று.
மோதி நசுங்கியது மூன்றாவதாக இருக்கும்.

எங்கள் பக்கம் அசல் என்றால் கடனில் முதல்.
விசாவுக்கு வாங்கிய கடன்,
வட்டி ஒன்றுக்கு இரண்டாய்ப் போன பிறகும்
அசல் நின்ற இடத்திலேயே நின்றது ஏழு வருடம்.
இவர்கள் ஊர்ச் சொல்தான் அது. கப்பலேறி வந்து
எங்களிடம் வேறு வேலை பார்க்கிறது.

வெளியே வந்து கையைத் துடைத்தேன்.
அஸ்லிதான் என்றேன்.
ஆனால் ஷூட்டிங்கில் ஒரு கிலோமீட்டர்கூடப் போனதில்லை.

வல்லாஹி, என் மாமா இதில் மஸ்கட் போனார் என்று
கத்தினார் ஜும்ஆ.
பூ நாசர் எதுவும் பேசவில்லை.
உள்ளே ஏறி, கண்ணாடியை இறக்கி
முழங்கையை வெளியே வைத்தார்.
குலுக்கு என்றார்.

நானும் நேபாளி தில்பகதூரும் குனிந்தோம்.
எவனெவனோ தேய்த்த இடத்தில்
கை அளவாக உட்கார்ந்தது.
ஸ்பிரிங் முனகியது.
சமூசாக்காரன் சட்டியை இறக்கி வைத்துவிட்டு
வேடிக்கை பார்க்க வந்தான்.
முன்னால் ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பியது.

மெதுவாக என்றார் உள்ளேயிருந்து,
வளைவு வருகிறது.