திருகு

விண்ணப்பம் மூட இன்னும் ஆறு நாள்.
திருமங்கலம் கிளையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து
ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிறேன்:
திருப்புறீங்களா, வட்டி கட்டி மாத்தி வைக்கிறீங்களா?

பெரும்பாலும் மாத்தித்தான் வைக்கிறார்கள்.
கொக்குளத்து ஒச்சம்மா
அதே ரெட்டைவடச் சங்கிலியை ஐந்தாவது வருஷமாக.
பை பிரிபடுவதே இல்லை, சீட்டுதான் புதுசு.
கையெழுத்துப் போட்டவள்
"இந்த வருசம் பேனா நல்லா எழுதுது" என்று சொல்லிப் போனாள்.

போன தடவை எனக்கு வந்தது
எண்பத்தொன்பது புள்ளி பூஜ்யம் நான்கு.
அதை மார்க் என்று நினைத்து அம்மா கேசரி கிண்டினாள்.
மார்க் இல்லம்மா,
நூறு பேரை வரிசையில் நிறுத்தினால்
எனக்குப் பின்னால் எண்பத்தொன்பது பேர்,
கதவு திறப்பது முன்னால் நிற்கிற இரண்டு பேருக்கு.
"ஒனக்குப் பின்னால அத்தன பேரா!"
என் தட்டில் இன்னும் இரண்டு முந்திரி வைத்தாள்.

விரகனூர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி.
மழை.
வாசலில் சோதிக்கிறவள்
மூக்குத்தியைக் கழட்டுங்க என்றாள்.
பத்தாம் வகுப்பில் போட்டது. திருகு இறங்கவில்லை.
எச்சில், சோப்பு, முன்பின் தெரியாத ஒருத்தியின் நகம்.
கடைசியில் அதன்மேல் டேப் ஒட்டி உள்ளே விட்டார்கள்.
இரண்டு மணி நேரமும்
என் மூக்கின் வெள்ளைத் துண்டு
கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் நின்றது.

அதனால்தான் என்று சொல்லலாம்.
சொல்லியும் இருக்கிறேன், மூன்று பேரிடம்.
மூன்று பேரும் நம்பினார்கள்.

கூட்டுவட்டிக் கணக்கு ஒன்று வந்தது.
தினமும் நான் போடுவது.
அதிலேயே ஒன்பது நிமிஷம் உட்கார்ந்தேன்.
விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கணும்.
இதுகூடவா வராது என்று
விட மனசில்லை.

தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும்,
தொடாமல் விட்டால் ஒன்றும் போகாது.
கேள்விக்கு அது சரி.
வருஷத்துக்கு?

தாகிராவுக்குத் தொண்ணூற்றேழு.
கோழிக்கோட்டில் குன்றின்மேல் விடுதி,
ஜன்னலில் பனி, படம் அனுப்புகிறாள்.
கீழே ஒரு வரி: கடன் தவணையைக் கேட்டா நீ மயங்கிருவ.
இங்கே மேலாளர் சொல்கிறார்,
ஏப்ரலில் உசிலம்பட்டிக் கிளைக்கு உன்னைத் துணை மேலாளராகப் போடச் சொல்லியிருக்கிறேன்,
நடுவில் லீவு கீவு கேட்காதே.

ஜெய்ஹிந்துபுரத்தில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில்.
பத்து மணிக்கு நிற்கும்.
பத்தரைக்கு மாதிரித் தேர்வு.
பன்னிரண்டரைக்கு ஒரு எண் வரும்.
செவ்வாய் எண்பத்தாறு. வியாழன் தொண்ணூற்று நான்கு.
எந்த நான் நவம்பரில் போவேன்
என்று அந்தத் திரை சொல்வதில்லை.

ஒரு ரசீதின் பின்பக்கம் கோடு கிழித்து எழுதினேன்.
வேணும் பக்கம் நாலு.
வேணாம் பக்கம் ஏழு.
ஏழாவது: மறுபடியும் எண்பத்தொன்பதே வந்தால்.
அதை அடித்தேன்.
அடித்த பிறகும் படிக்க முடிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம்
பெரியார் நிலையத்தில் இறங்கி, வீட்டுப் பேருந்தை விட்டுவிட்டு
தெற்காவணி மூல வீதிக்கு நடந்தேன்.
முதல் மாடியில், குழல்விளக்கடியில், ஒரு பட்டறை.
இந்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தணும்,
கையாலேயே கழட்டி மாட்டுற மாதிரி.
"தொலஞ்சு போகுமேம்மா."
தெரியும்.
"எப்ப வேணும்?"
நவம்பர் கடைசி ஞாயிற்றுக்குள்ள.
அவர் மூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"ரெண்டு நிமிச வேலை. உக்காருங்க."

உட்கார்ந்தேன்.