இரண்டு ஐம்பது

திருப்பூர்ப் பின்னலாடைக் கம்பெனியும்
பெருந்துறைச் சாயப்பட்டறையும்
ஆவணியில் கையெழுத்துப் போட்டு ஒன்றாயின.
சுரங்கவழி திறந்தாயிற்று.
இரண்டு ரூட்டரிலும் பச்சை விளக்கு.
ஆனாலும் இங்கிருந்து கிளம்பிய ஒரு பொட்டலம்கூட
ஊத்துக்குளியைத் தாண்டவில்லை.

ஊத்துக்குளியென்ன, வாசலையே தாண்டவில்லை.

இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பெட்டி வாங்கியவர்கள்.
பெட்டியோடு வந்த எண்ணை அப்படியே விட்டவர்கள்.
192.168.1
அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான்.
யாரும் யாரிடமும் திருடவில்லை;
வீட்டுக்குள் வைத்துக்கொள்ள
எல்லோருக்கும் பொதுவில் விட்ட எண்.
புதுப்பாளையம் மாதிரி.
பஸ் ஸ்டாண்டில் புதுப்பாளையம் ஒரு டிக்கெட் என்றால்
கண்டக்டர் கிழிக்கமாட்டார்,
"எந்தப் புதுப்பாளையமுங்க?" என்பார்.

என் கம்ப்யூட்டர் அப்படிக் கேட்கவில்லை.
சாய மெஷினைத் தேடி
"ஐம்பது யாரு?" என்று கூவியது.
"நான்தானுங்க" என்றது
கேட்டோரம் விரல்ரேகை பதியும் வருகைப்பெட்டி.
அதுவும் ஐம்பது.
ஒரே மில்லிசெகண்டில் பதில்.
பதில் வந்த சந்தோஷத்திலேயே அரைமணி நேரம் போனது.

"அங்க நம்பரையெல்லாம் மாத்திடலாமுங்களா?"
பட்டறை மேனேஜர் மயிலானந்தன் போனில் சிரித்தார்.
"நாப்பத்தோரு மெஷினுங்க.
நம்பர் போட்ட பையன் மஸ்கட் போயி அஞ்சு வருசம்.
இப்ப நேவி புளூ ஓடிட்டிருக்குது,
நடுவுல கை வெச்சா ரெண்டு டன் துணி
கரித்துணிக்குத்தான் ஆகும்."

சரி.
வீட்டுக்குள் பெயர் அப்படியே இருக்கட்டும்,
அடுத்த வீட்டாருக்கு மட்டும் வேறு பெயர்.
இங்கிருந்து பார்த்தால் அவர்கள் 10.72.1
அங்கிருந்து பார்த்தால் நாங்கள் 10.71.1
வாசலில் நிற்கும் ரூட்டர்
போகிற உறையிலும் வருகிற உறையிலும்
முகவரியை அடித்து எழுதும்.
கடைசி எண் மாறாது. ஐம்பது ஐம்பதேதான்.

எனக்கு இது பழக்கம்.
கட்டிக்கொண்டு வந்த வீட்டில் நங்கையாவும் வளர்மதி.
மூன்றாம் நாளே நான் சேவூர்ப்புள்ளை ஆனேன்.
என் பெயரை யாரும் பிடுங்கவில்லை,
ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.
நங்கையா ஒறம்பரை வந்த நாளில்
வாசலில் யாரோ "வளரு" என்றால்
அடுப்படியில் என் தலை திரும்பும்.
அப்புறம் தோசையைத் திருப்புவேன்.

இரவு ஒன்றரைக்கு முதல் பொட்டலம் போய்ச் சேர்ந்தது.
"வந்துருச்சுங்" என்றார் மயிலானந்தன்,
பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்போல.

பத்து நிமிஷம்தான்.
சாய அளவு கேட்டோம். மெஷின்
கடுதாசிக்குள்ளே எழுதியிருந்தது:
'மீதியை 192.168.1.50க்கு வந்து வாங்கிக்கொள்ளவும்.'
உறைமேல் இருப்பதைத்தான் ரூட்டர் திருத்தும்.
மடித்த தாளைப் பிரித்துப் படிக்கிற வழக்கம் அதற்கில்லை.
எங்கள் சர்வர் அதை நம்பிப் போய்
வருகைப்பெட்டியின் கதவைத் தட்டி
நேவி புளூவுக்கு உப்பு எத்தனை கிலோ என்று கேட்டது.
வருகைப்பெட்டிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.
விரலை மறுபடி வைக்கவும்.

மூன்றே முக்காலுக்குக் கிளம்பினேன்.
செங்கப்பள்ளியில் பைபாஸ் ஏறி
விஜயமங்கலம் டோல்கேட்டில்
உப்பு மூட்டை லாரிக்குப் பின்னால் நின்று
போய்ச் சேரும்போது துணி அலசலில் இருந்தது.
மெஷின் காலியாக ஐந்து பத்து.
மயிலானந்தன் டார்ச் அடிக்க
பின்மூடிக்குள் தலையை விட்டேன்.
மூடியின் உள்பக்கம், ஸ்கெட்ச் பேனாவில்,
மஸ்கட் பையனின் பாஸ்வேர்டு:
அவன் பைக் நம்பர்.

அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்
இரண்டு வீட்டிலும் இல்லாத ஒரு தெரு: 10.72.5
உறைமேலும் ஒரே பெயர், உள்ளேயும் அதே பெயர்.
மற்ற நாற்பதும் மாற்றுப்பெயரில் ஓடட்டும்.

டீ வந்தது.
"அடுத்த மாசம் காங்கேயத்துல
எண்ணெய் மில் ஒண்ணு வாங்கறாராமுங்க மொதலாளி" என்றார்.
நான் கேட்கவில்லை.
அவரே சொன்னார்:
"அங்கயும் அதே பொட்டிதானுங்."