எட்டு மைக்ரான்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். கரன்ட் வந்துவிட்டது,
ஏசி மறுபடி மூச்சு விடுகிறது.
இருபது டிகிரிக்கு இன்னும் ஒன்றரை பாக்கி.
அதுவரை நான் எதையும் அளக்கக் கூடாது.
உலகத்து நீளங்களெல்லாம் இருபதில்தான் உண்மை;
இருபத்தொன்றில் இந்த நூறு மில்லிமீட்டர் எஃகு
ஒரு மைக்ரானும் கொஞ்சமும் பொய் சொல்லும்.

அலமாரியில் ஒரு காட்மியம் விளக்கு.
லேசர் வந்தபின் யாரும் ஏற்றுவதில்லை,
ஸ்டாக் எடுக்கும்போது மட்டும் பெயர் எழுதுவோம்.
போன ஆயுத பூஜையில்
குங்குமம் வைத்த கையோடு ஏற்றிப் பார்த்தேன்.
பட்டகத்துக்கு அப்பால்
நீலம், பச்சை, ஓரமாய் அந்தச் சிவப்பு.
ஒரு காலத்தில் மீட்டர் என்றால்
அந்தச் சிவப்பின் பதினைந்து லட்சத்து
ஐம்பத்து மூவாயிரத்து நூற்று அறுபத்து நான்கு அலை,
அப்புறம் ஒரு துளி மிச்சம்.
எண்ணியவர்கள் மிச்சத்தையும் எழுதி வைத்தார்கள்.

தெருவுக்கு எதிரே அதே காட்மியம்
தொட்டியில் கிடக்கிறது.
விமானத்துக்குப் போகும் போல்ட்டுகள்
அதில் முங்கி எழும்.
முக்குகிறவர் இருதயராஜ்,
தங்கம் தீர்ந்த கோலாரிலிருந்து வந்தவர்.
பூச்சு எட்டு மைக்ரான் இருக்க வேண்டும்.
இருக்கிறதா என்று பார்ப்பது நான்.

மயிரிழையில் தப்பினான் என்கிறோமே,
அந்த ஒரு மயிரிழைக்குள்
அவருடைய பூச்சு எட்டும் முக்காலும் அடங்கும்.
எட்டு மயிர்முனை ஒரு நுண்மணல்,
எட்டு நுண்மணல் ஒரு சிறுகடுகு,
எட்டுச் சிறுகடுகு ஒரு எள்.
‘எள்ளளவும் தப்பிருக்காது மேடம்’
என்று பையை நீட்டுவார்.
‘எள்ளு ரொம்பப் பெரிசுங்க’ என்பேன்.
ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

இன்று பை இல்லை. ஒரு தாள்.
சிறுநீரில் காட்மியம்.
இரண்டுக்குள் இருக்கலாம் என்று அச்சடித்திருக்கிறது;
அவருக்குப் பதினொன்று.
‘மைக்ரோன்னு போட்டிருக்கு.
உங்க கணக்குதானே? சின்னதுதானே?’

எனக்கு நீளம் மட்டும்தான் தெரியும்
என்று சொல்ல வந்து
நாக்கை மடித்துக்கொண்டேன்.

அவர் மேசையிலிருந்த ஸ்லிப் கேஜை
வெறும் கையால் எடுத்தார்.
நான் கத்தியிருக்க வேண்டும்.
கத்தவில்லை.
பேச்சுக்கு நடுவே உள்ளங்கைச் சூட்டில்
அது ஒன்பது, பத்து மைக்ரான் வளர்ந்திருக்கும்.
கீழே வைத்தால்
ஒரு மணி நேரத்தில் தன் அளவுக்குத் திரும்பிவிடும்.
எஃகு அப்படி.
சிறுநீரகத்தில் ஏறியது பாதியாய்க் குறையவே
பதினைந்து வருஷம், இருபது வருஷம்,
அதற்கும் மேலே என்கிறது என் போன்.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

‘தொட்டிகிட்ட வேற யாரு?’
‘மூணு பேரு. ஒடிசா பசங்க.’
‘டெஸ்ட் எடுத்தாங்களா?’
‘அவங்களுக்கு எதுக்கு மேடம், சின்னப் பசங்க.’

ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன்.
பழக்கதோஷம்,
தேதி எழுதி, அறை வெப்பம் எழுதினேன்:
இருபது புள்ளி நான்கு.
இருதயராஜ், பதினொன்று.
பிஜய். தபன்.
‘இன்னொருத்தன் போன வாரந்தான் வந்தான்,
பேரு தெரியல.’

இன்னொருத்தன்,
என்று எழுதினேன்.