முந்நூற்றுப் பன்னிரண்டு

பத்து நொடி வேலைதான்.
கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கச் சொன்னாள் லிஜி,
சரணடைகிறவனைப் போல.
"சுவாசம் எடுத்து… பிடிச்சோ" என்றாள்.
வளையம் சுற்றியது.
ஊசி இல்லை, சாயம் இல்லை.
நோன்பு மாதச் சலுகை, பதினெட்டு ரியால்.

மார்ச்சில் இருதயராஜ் போனான்.
பெயரிலேயே அதை வைத்துக்கொண்டிருந்தவன்,
என் மேல்கட்டிலில்,
ஏ.சி. ரிமோட்டைப் பிடித்தபடி.
நாற்பத்து நான்கு வயது.
விசா மெடிக்கலில் 'ஃபிட்' என்று குத்திய மை
இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.
அவன் அலாரம் விடாமல் அடித்தபோது
கெட்ட வார்த்தையில் திட்டினேன்.
அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

என் பிழைப்பு சுண்ணாம்பு.
பர்காவில், கடலைக் குடிநீராக்கும் ஆலையில்,
குழாய்களின் உட்சுவரில் படிவதை
அமிலம் விட்டுக் கரைக்கிறேன், பதினாறு வருடமாய்.
நகத்தின் தடிமன் ஏறினாலே
மீட்டர் முள் காட்டிக்கொடுத்துவிடும்.
முள்ளுக்கு முன்பே
சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவேன் நான்.

திரையில் என் இதயம் சாம்பல் நிறத்தில் இருந்தது.
அதன்மேல் வெள்ளைப் பொட்டுகள்.
ஆலையின் கம்பிவேலியில்
உப்புக்காற்று பூக்கவைக்குமே, அப்படி.
டாக்டர் சுஹைலா இந்தியில் சொன்னார்:
"முந்நூற்றுப் பன்னிரண்டு. உங்கள் வயதுக்கு மிக அதிகம்."
மார்க் கூடிப்போனதற்கு
வாழ்க்கையில் முதல்முறை வியர்த்தது.

இதைக் கரைக்க என்ன விடுவீர்கள் என்று கேட்டேன்,
தொழில்காரனிடம் தொழில்காரன் கேட்பதுபோல.
"கரையாது. கரைக்கவும் வேண்டாம்.
நான் தரும் மாத்திரையில்
இந்த எண் கொஞ்சம் ஏறக்கூடச் செய்யலாம்.
கெட்டிப்பட்டது பெரும்பாலும் சும்மா கிடக்கும்.
மெத்தென்ற படிவும் இருக்கும், இதில் தெரியாது.
பெரும்பாலும் உடைவது அதுதான்."
பிறகு சிகரெட்டைப் பற்றிக் கேட்டார்.
பொய் சொன்னேன்.
குறித்துக்கொள்ளாமல் என்னையே பார்த்தார்.
உண்மையைச் சொன்னேன்.

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
பார்மசி நிழலில் நின்று
மங்களேஸ்வரிக்குப் போன் போட்டேன்.
எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
"முந்நூற்றுப் பன்னிரண்டு" என்றேன்.
"ரியாலா? ஓவர்டைமா?" என்றாள்.
குரலே மாறிவிட்டது அவளுக்கு.
"இருங்க இருங்க, இன்னைக்கு ரேட் என்ன…"
இரண்டு இரண்டாய்ப் பெருக்கி,
பெரியவளின் கடைசி செமஸ்டர் ஃபீசைக் கழித்து,
மிச்சத்தில் மோட்டாருக்குப் புதுக் காயில் போட்டு
அவள் முடிக்கும்வரை
நான் குறுக்கே பேசவில்லை.